கை பேசாத ஆறு வாரம்

மனைவி தன் பெயரைச் சொல்லி முழுதாக ஒரு மாதம் ஆகிறது என்று கணவருக்கு உறைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைத் தள்ளி வைத்தார், இடது கையால் மேசையைத் தட்டி அவளைத் திரும்பிப் பார்க்க வைத்தார், சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டார்.

"என் மேல என்ன கோபம்?"

கையால்தான் கேட்டார். அவருக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லைகளைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிற வேலை. மயிரிழை பிசகினாலும் கண்டுபிடித்துவிடுகிற மனிதர். அப்படிப்பட்டவரிடம் அவருடைய பெயரையே ஒரு மாதம் ஒளித்து வைக்கலாம் என்று அவள் நினைத்ததுதான் வேடிக்கை.

காது கேட்காதவர்கள் தங்களுக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் வைத்துக்கொள்வார்கள். அவருக்குப் பெயர் வைத்தவளே அவள்தான். கல்யாணத்துக்கு முன்னால் அவருக்கு நெற்றியில் சுருட்டை சுருட்டையாக முடி விழும். கட்டைவிரலை நீட்டி, நெற்றியோரம் மணிக்கட்டை இரண்டு முறை சுழற்றினால் அது அவர். பதினெட்டு வருடத்தில் முடி போன இடம் தெரியவில்லை. பெயர் மட்டும் சுருட்டையாகவே இருந்தது. அந்தச் சுழற்றல் இப்போது அவளுக்கு ஆகவில்லை. கட்டைவிரல் அடியில் கிளம்புகிற வலி, முழங்கை வரை சுள்ளென்று ஏறியது. அதனால் தோளைத் தட்டிக் கூப்பிட்டாள், விளக்கை அணைத்துப் போட்டுக் கூப்பிட்டாள், பெயர் சொல்வதைத் தவிர மற்ற எல்லா வழியிலும் கூப்பிட்டாள்.

"கோபமெல்லாம் இல்ல. கை வலி," என்று இடது கையால் சொல்லி, வலது மணிக்கட்டைக் காட்டினாள். கட்டைவிரல் பக்கம் புடைத்திருந்தது.

அவர் அதைப் பார்த்தார். வீக்கத்தைப் பார்த்துப் பதறுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். பதறத்தான் செய்தார், ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று கேட்டார்.

"ஆபீஸ்ல இந்தக் கையாலதானே பேசுற? நேத்து டிவியில பார்த்தேன். அங்க கை முழுசா வீசுது. வீட்டுக்கு வந்தா மட்டும் முணுமுணுக்குற. ஊருக்கெல்லாம் வாரி வழங்கிட்டு எனக்கு மிச்சம் மீதியா?"

அவர் சொன்னது உண்மை.

அவளுக்குக் காது கேட்கும்; வேலை சைகை மொழிபெயர்ப்பு. அக்காவுக்குக் காது கேட்காது என்பதால் நடை பழகும் முன்பே கையால் பேசப் பழகியவள். ஆஸ்பத்திரி, நீதிமன்றம், கூட்டம், தொலைக்காட்சிச் செய்தியின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி என்று எங்கே கூப்பிட்டாலும் போவாள். இந்த வேலைக்கு ஒரு விதி உண்டு. எந்தக் கூட்டமானாலும் இரண்டு பேர் போக வேண்டும், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். விதி காகிதத்தில் சௌக்கியமாக இருந்தது. அவளுடைய மேலாளர் ஒரே ஆளைத்தான் அனுப்புவார். இரண்டாவது ஆள் எங்கே என்று கேட்டால், "இன்னும் அஞ்சே அஞ்சு நிமிஷம் சமாளிங்க, வந்துடுவாங்க" என்பார். அந்த ஐந்து நிமிடம் இரண்டு மணி நேரம் ஓடும், யாரும் வர மாட்டார்கள். அலுவலகத்தில் அவருக்கு 'அஞ்சு நிமிஷம்' என்றே பெயர்.

வெளியே சம்பளம் வாங்குகிறோம், அங்கே சொல்லைக் கடித்துக் குதறக்கூடாது. ஆகவே அங்கே வலியைப் பொறுத்துக்கொண்டு பேசினாள். வீட்டுக்கு வந்தால் கையைச் சுருக்கி, பாதிச் சொல்லை விழுங்கி, வலிக்கிற சொற்களை விட்டுவிட்டு வலிக்காத சொற்களால் ஒப்பேற்றினாள். வீடுதானே, புரிந்துகொள்வார் என்ற தைரியம். நம்மில் பலரும் வீட்டாரிடம் எடுத்துக்கொள்கிற அதே உரிமைதான்.

மறுநாளே டாக்டர், அங்கிருந்து பிசியோதெரபி. பிசியோ பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். வாத்தியாரம்மா தோரணை.

"கட்டைவிரலை உள்ள மடக்கி முஷ்டி பிடிங்க. அப்படியே சுண்டுவிரல் பக்கமா மணிக்கட்டைச் சாய்ங்க."

சாய்த்தாள். "அம்மா!" என்று நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள்.

"அதேதான்," என்றாள் பிசியோ, பரீட்சைத்தாளில் சரி போட்ட திருப்தியோடு. "விரலை இழுக்கிற தசைநாண் ஒரு கயிறு மாதிரி. ஒரு உறைக்குள்ள வழுக்கிட்டுப் போகணும். ஒரே அசைவை ஆயிரம் தடவை செஞ்சா உறை வீங்கிடும். கயிறு சிக்கிச் சிக்கிப் போகும். எண்ணெய் போட்டு அழுத்தித் தேச்சீங்களா?"

"பக்கத்து வீட்டு அக்கா தேச்சு விட்டாங்க."

"இனிமே அந்த அக்காகிட்ட கையைக் குடுக்காதீங்க."

கட்டைவிரலையும் மணிக்கட்டையும் அசையாமல் பிடிக்கிற பட்டை ஒன்றை மாட்டிவிட்டாள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒரு நாளைக்கு மூன்று முறை. பாத்திரத்தைக் கட்டைவிரலால் கவ்வித் தூக்கக்கூடாது, உள்ளங்கையால் தாங்க வேண்டும். ஆபீஸில் இரண்டாவது ஆள் இல்லாமல் வேலைக்கு நிற்கக்கூடாது. அதற்கு ஒரு கடிதமும் கொடுத்தாள். கடைசியில் ஒரு நோட்டை நீட்டினாள். கை எந்தெந்த வேலையை எவ்வளவு நேரம் செய்கிறது என்று தினமும் எழுதிக்கொண்டு வர வேண்டும்.

அவள் கண்ணும் கருத்துமாக எழுதினாள். ஆபீஸ் இரண்டு மணி நேரம். காய் நறுக்கியது பத்து நிமிடம். போன் தட்டியது கால் மணி. மகளுக்குத் தலை பின்னியது ஐந்து நிமிடம். துணி பிழியவில்லை என்பதைக்கூட எழுதினாள். மூன்று வாரம் கழித்துப் போனபோது கை அப்படியேதான் இருந்தது. போதாக்குறைக்கு இடது கையும் முனக ஆரம்பித்திருந்தது.

பிசியோ நோட்டைப் புரட்டினாள், தலையைச் சொறிந்தாள். "இவ்வளவுதான் வேலைன்னா இந்நேரம் பாதி குறைஞ்சிருக்கணுமே."

அன்றைக்குக் கணவரும் கூட வந்திருந்தார். பிசியோ எதையோ எடுக்க உள்ளே போன நேரத்தில், திரும்பிப் போக எந்த பஸ் சீக்கிரம் வரும் என்று இருவருக்கும் வாக்குவாதம் வந்துவிட்டது. அவள் பட்டையைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு விளாசிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தால் கதவருகே பிசியோ இடுப்பில் கை வைத்து நிற்கிறாள்.

"இது என்ன?"

"எது?"

"இப்ப செஞ்சீங்களே."

"பேசிட்டிருந்தேன். இவர் என் வீட்டுக்காரர். காது கேட்காது."

"தினமும் இப்படிப் பேசுவீங்களா?"

"பின்னே? புருஷன்கிட்ட பேச மாட்டாங்களா?"

"எவ்வளவு நேரம்?"

அவள் யோசித்துப் பார்த்தாள். காலையில் ஒரு மணி நேரம். சாயங்காலம் மூன்று, நான்கு. ஞாயிறானால் கணக்கே இல்லை. பெயரைப் பற்றிக் கேட்ட அன்றைக்கு அப்புறம், மிச்சம் மீதி என்ற சொல் மனசில் தைத்துப்போய், வீட்டில் வேறு கூடுதலாகப் பேச ஆரம்பித்திருந்தாள். பட்டை மாட்டிக்கொண்டு பேசினால் வாயில் துணியை அடைத்துக்கொண்டு பேசுவதுபோல் இருந்ததால், பேசும்போதெல்லாம் கழற்றிவிடுவாள்.

"நோட்டுல எங்கயும் இது இல்லையே!"

"பேசுறதை யாராவது எழுதுவாங்களா?" என்றாள் அவள். பாசாங்கு இல்லை. கேட்கும்வரை அவளுக்கே தோன்றவில்லை. வாய் ஓயாமல் பேசுகிறவர்கள் நாக்கு எத்தனை தடவை புரண்டது என்று எண்ணுவதில்லை, அதே மாதிரிதான்.

பிசியோ சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஆறு வாரம். ஆபீசுக்கு லீவு. வீட்டுலயும் கையால பேச்சு கிடையாது. தண்ணி வேணும், வா, போ, இப்படி ஒத்தைச் சொல்லு மட்டும் இடது கையால. இப்ப விட்டா அப்புறம் ஊசி, அதுக்கு மேல அறுவை. அதுக்கப்புறமும் பழையபடி சுழலும்னு நான் எழுதிக் குடுக்க மாட்டேன்."

இதையெல்லாம் கணவருக்கு யார் மொழிபெயர்ப்பது? அவளேதான் மொழிபெயர்த்தாள், கடைசி முறையாக. அவர் தலையை ஆட்டினார்.

வீட்டில் மகள் இருந்தாள். பதினான்கு வயது. காதும் உண்டு, வாயும் உண்டு, கையும் நன்றாகப் பேசும். வாலு என்று கூப்பிடுவார்கள், அதற்குத் தகுந்த ஆள்தான். ஊருக்கெல்லாம் மொழிபெயர்த்தவளுக்கு, கட்டின புருஷனிடம் பேச மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டது. வாலுதான் அந்த வேலைக்கு அமர்த்தப்பட்டாள்.

"அப்பாகிட்ட சொல்லு. இன்னைக்கு மாடிப்படியில அந்த எதிர்வீட்டுக்காரரைப் பார்த்தேன், அவர் மீசையை எடுத்துட்டார், எனக்கு ஆளே தெரியல, நான் பாட்டுக்கு யார் நீங்கன்னு கேட்டுட்டேன், அவருக்கு முகம் செத்துப்போச்சு…"

வாலு அப்பாவைப் பார்த்துக் கையை இரண்டே அசைவு அசைத்தாள்.

"என்னடி சொன்ன?"

"எதிர்வீட்டுக்காரர் மீசை எடுத்துட்டார்னு."

"நான் அவ்வளவு சொன்னேன்!"

"சாரம் அதுதானேம்மா."

சாரம் மட்டும் வைத்துக்கொண்டு யார் குடும்பம் நடத்த முடியும்? சாரமில்லாத பேச்சுத்தானே பாதி வாழ்க்கை. போனில் வாயால் சொன்னால் எழுத்தாக வருகிற வசதியையும் முயன்று பார்த்தார்கள். அவர் திரையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு நாளில் அவளே அதை நிறுத்திவிட்டாள். மகளை நடுவில் நிற்கவைத்துச் சொல்ல முடியாதவை வேறு இருந்தன. உனக்கு வயசாகிறது, எனக்கும் ஆகிறது, பயமாக இருக்கிறது என்பதை எந்தப் பதினான்கு வயதுப் பெண்ணின் கையில் கொடுத்து அனுப்புவது?

இதைவிடக் கொடுமை, அவரும் பேசாமல் போனதுதான். தடை அவளுக்கு. அவர் கைக்கு என்ன கேடு? முதல் வாரம் கடையில் நடந்ததை அது இது என்று சொல்லிக்கொண்டிருந்தவர், இரண்டாவது வாரத்தில் சட்டென்று நிறுத்திக்கொண்டார். கடையிலிருந்து வருவார், பாத்திரம் தேய்ப்பார், ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி அவள் மணிக்கட்டில் வைத்துப் பத்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார், பிறகு செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். அவள் கண்ணைப் பிடிக்கப் பார்த்தால் பார்வையைத் திருப்பிக்கொள்வார். கோபம் இன்னும் தீரவில்லை, மனசில் வைத்துக்கொண்டு பழி வாங்குகிறார் என்று அவள் முடிவு கட்டினாள். இருக்கட்டும், எத்தனை நாளைக்கு என்று தானும் முறுக்கிக்கொண்டாள்.

முறுக்கு இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. அவள் ஏங்கிப்போனாள். பக்கத்திலேயே இருக்கிற மனிதருக்காக இப்படி ஏங்க முடியும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. அவர் ஊருக்குப் போயிருந்தாலாவது வருவார் என்று காத்திருக்கலாம். இவர் எதிரே உட்கார்ந்து மோர் குடிக்கிறார். அவர் விரல்கள் தம்ளரைப் பிடித்திருப்பதைப் பார்த்தால்கூட, அவை இப்போது எழுந்து ஏதாவது சொல்லாதா என்று தோன்றும். ஒரு நாள் அவர் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் துலக்கும்போது, அவருக்குக் கேட்காது என்று தெரிந்தே, வாய்விட்டு எல்லாவற்றையும் சொன்னாள். மீசைக் கதையை முழுசாகச் சொன்னாள். பயமாக இருக்கிறது என்றும் சொன்னாள். அவர் குழாயை மூடிவிட்டுத் திரும்பியபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆறு வாரம் ஒருவழியாகக் கழிந்தது. பிசியோ முஷ்டி பிடிக்கச் சொன்னாள், சாய்க்கச் சொன்னாள். லேசாக இழுத்தது, அவ்வளவுதான். வீக்கம் வடிந்திருந்தது. பாதி தண்ணீர் நிரப்பிய பாட்டிலைப் பிடித்து மணிக்கட்டை மெல்ல ஏற்றி இறக்கக் கற்றுக்கொடுத்தாள்.

"இன்னைலேருந்து பேசலாம். ஆனா ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம். கடிகாரம் வெச்சுக்கங்க. அடுத்த வாரம் இருபது. ஆசையில அள்ளிக்கிட்டீங்கன்னா மறுபடி முதல்லேருந்துதான்."

அவள் படி இறங்கி வரும்போதே மனசுக்குள் பத்து நிமிடத்தைப் பங்கு போட ஆரம்பித்துவிட்டாள். முதலில் அவரைத் திட்டுவது, இரண்டு நிமிடம். பிறகு சமாதானம். பிறகு மற்றது.

கீழே ஆஸ்பத்திரி விசாரணை மேசையில் ஒரே கூச்சல். சட்டையெல்லாம் பெயின்ட் தெறித்த ஒரு மனிதர், ஐம்பது வயது இருக்கும், கையை வீசிக்கொண்டிருந்தார். மேசைக்குப் பின்னால் இருந்த ஊழியர் அவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். காது கேட்காதவரிடம் இன்னும் உரக்கக் கத்தினால் கேட்கும் என்று நம்புகிறவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். ஊழியர் ஒரு தாளில் எழுதியும் காட்டினார். பெயின்டருக்குப் படிக்கத் தெரியவில்லை. அவர் கை திரும்பத் திரும்ப ஒரே வாக்கியத்தைச் சொன்னது.

"கட்டில் காலி. என் பொண்டாட்டி கட்டில் காலி. செத்துட்டாளா?"

அவள் மேசைக்கு ஓடினாள். ஊழியரிடம் கேட்டாள். "அந்தம்மாவை மூணாவது மாடிக்கு மாத்திட்டாங்கம்மா, நல்லாத்தான் இருக்காங்க, இவருக்குச் சொன்னா புரியவே மாட்டேங்குது," என்றார் அவர்.

அவள் ஒரு கணம் நின்றாள். அந்த ஒரு கணத்தை மறைப்பதில் பயனில்லை. இடது கையால் மேலே காட்டிவிட்டுப் போய்விடலாமா என்று நினைத்தாள். பிறகு பட்டையைக் கழற்றினாள்.

"உயிரோட இருக்காங்க. இடம் மாத்திட்டாங்க. மூணாவது மாடி."

பெயின்டர் நம்பவில்லை. எதிரே கத்திய முகத்தை அவ்வளவு நேரம் பார்த்துவிட்டு எப்படி நம்புவார்? யார் பார்த்தது, எப்போது மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள், பொய் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டே போனார். அவள் ஒவ்வொன்றையும் ஊழியரிடம் கேட்டுக் கேட்டுச் சொன்னாள். கடைசியில் அவரோடு மூன்றாவது மாடிக்கே ஏறினாள். கட்டிலில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்த பெண்மணியைப் பார்த்ததும் பெயின்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு நிமிடம் போயிருந்தது.

வீடு வந்து சேர்வதற்குள் அவளுக்குக் கால் தயங்கியது. கதவைத் திறந்தால், கணவர் கடையில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டிருந்தார். ஜன்னல் வெளிச்சம் அவள் கையில் விழுகிற மாதிரி அவளுடைய நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்தார். வாலு போனில் கடிகாரம் வைத்துக்கொண்டு தயாராக நின்றாள்.

"பத்து நிமிஷம்தானேம்மா?"

"மூணுன்னு வை."

"ஏன்?"

வாயால் சொன்னாள், பெயின்டர், கட்டில், மூன்றாவது மாடி எல்லாவற்றையும். சொல்லிவிட்டு, "அப்பாகிட்ட சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு," என்றாள். வாலு சாரம் சொல்லவில்லை. ஊழியர் கத்தியதையும் ரொட்டியையும்கூட விடாமல் சொன்னாள். அவர் முகம் முதலில் வாடியது. வாடியதை அவள் பார்த்தாள். எனக்குக் கடைசியில் இந்த மூன்று நிமிடமா என்று கேட்கப்போகிறார் என்று காத்திருந்தாள்.

"அந்த ஆள் பொண்டாட்டியைப் பார்த்துட்டாரா?" என்று கேட்டார்.

அவள் தலையை ஆட்டினாள்.

எத்தனையோ வாரம் கழித்து அவர் விரல்கள் அவளிடம் நிறுத்தாமல் பேச ஆரம்பித்தன.

"நான் கோபமா இருக்கேன்னு நினைச்ச, இல்ல? முதல் வாரம் கடைக் கதை சொன்னேனே, அப்ப உன் கையைப் பார்த்தேன். நான் ஒண்ணு சொல்லி முடிக்கறதுக்குள்ள பட்டைக்குள்ள உன் கட்டைவிரல் துள்ளுது. பதில் சொல்லத் தவிக்குது. வலியில நீ உதட்டைக் கடிக்குற. நான் பேசினா நீ சும்மா இருக்க மாட்டேன்னு தெரிஞ்சுபோச்சு. அதான் நானும் நிறுத்திட்டேன். உன் முகத்தைப் பார்த்தா பேசிடுவேன்னுதான் பேப்பரை விரிச்சேன். அதுல ஒரு வரி படிக்கல. இன்னைக்கு அந்த ஆளுக்குத்தான் அவசரம். ஆள் இருந்தும் பேச்சு இல்லாம இருக்கறது எப்படின்னு எனக்குத் தெரியும்."

வாலு கடிகாரத்தைத் தட்டிவிட்டாள். மூன்று நிமிடம் ஓடத் தொடங்கியது. அவள் இரண்டு கையையும் தூக்கினாள். ஆறு வாரமாகச் சேர்த்து வைத்தது எல்லாம் ஒரே நேரத்தில் விரல் நுனிக்கு வந்து முட்டியது.

கையால் பேசுகிற வீடுகளில் ஒரு காரியத்தை யாரும் செய்ய மாட்டார்கள். பேசுகிறவர் கையைப் பிடிக்க மாட்டார்கள். அது வாயைப் பொத்துவது மாதிரி. எவ்வளவு சண்டை வந்தாலும், கதவை அறைந்து சாத்தினாலும், அதை மட்டும் செய்யக்கூடாது. பதினெட்டு வருடத்தில் அவர் ஒருமுறைகூடச் செய்ததில்லை. இப்போது எழுந்து வந்து, அவள் இரண்டு மணிக்கட்டுக்கும் அடியில் தன் உள்ளங்கைகளைக் கொடுத்துத் தாங்கி, அப்படியே பிடித்துக்கொண்டார். அவளால் பேச முடியவில்லை. அவள் கையைப் பிடித்திருந்ததால் அவராலும் பேச முடியவில்லை.

"அம்மா, ஒரு நிமிஷம் போயிடுச்சு," என்றாள் வாலு. "ஒண்ணும் பேசலையா? நிறுத்தி வைக்கவா?"

"நிறுத்தாதே," என்றாள் அவள், அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "ஓடட்டும்."